குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்காதீர்கள்: கடலோரத் திட்டங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள், வெளிநாட்டு உதவி முகமைகள் இவற்றின் பணத்தில் நம் கடற்கரைக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு இதை எழுதுகிறேன். அவர்களுக்காக அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர்களுக்கும், அந்த அறிக்கைக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தப் படிவங்களிலும் அறிக்கைகளிலும் பெண்களின் தொழில் எப்படி விடுபட்டுப்போகிறது என்பதுதான் விஷயம். அப்படிப் படிவம் நிரப்பிய பிள்ளைகளில் நானும் ஒருவன். 2005ஆம் ஆண்டு, சுனாமி அடித்து ஏழெட்டு மாதம் ஆன பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் கணக்கெடுத்தேன். அப்போது எனக்கு 23 வயது.

படிவத்தின் முதல் கேள்வி ‘குடும்பத் தலைவர் பெயர்’. இரண்டாவது, அவருடைய தொழில். அடுத்து, இழந்த சொத்து: கட்டுமரமா, ஃபைபர் படகா, எஞ்சினா, வலையா, எத்தனை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, ‘மனைவியின் தொழில்’. நான் மதியம் போல் போவேன். ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரம் அது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், ‘வீட்லதான் இருக்கா’ என்பார்கள். நானும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுவேன். மூன்று நாளில் ஐம்பது அறுபது வீடுகளில் இப்படி எழுதியிருப்பேன்.

நான்காவது நாள் பஸ் சீக்கிரம் கிடைத்ததால் விடிவதற்குள் கரைக்குப் போய்விட்டேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மணலில் ஏலம் நடந்தது. ஏலம் கேட்டவர்களில் பாதிக்கு மேல் நான் ‘இல்லத்தரசி’ என்று எழுதிய அக்காமார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு கேட்டார்: “தம்பி, நேத்து எங்க வீட்டுக்காரருகிட்ட உக்காந்து எழுதிட்டுப் போனியே, என்னைப் பத்தி என்ன எழுதுன?” நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அன்னக்கூடையில் மீனை நிரப்பி, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, “அப்ப இந்தக் கூடையைத் தெனமும் யாரு தூக்குறா?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அன்று சாயந்திரமே மேற்பார்வையாளரிடம் சொன்னேன். படிவத்தைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவரும் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் படிவத்தை வைத்துத்தான் பணம் பிரிக்கப்பட்டது. படகு இழந்தவருக்குப் படகு, வலை இழந்தவருக்கு வலை. அன்னக்கூடை, தராசு, ஐஸ் பெட்டி, காயப்போட்டிருந்த கருவாடு, ஏலத்துக்காக முந்தானையில் முடிந்து வைத்திருந்த முதல் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. அவற்றுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

கடலுக்குள் இருக்கும்வரை மீன் ஆண்களுடையது, கரைக்கு வந்துவிட்டால் பெண்களுடையது. கரையோரத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். சிறு படகுகள் கொண்டுவரும் மீனை ஏலத்தில் எடுப்பது, தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, ஊர் ஊராகச் சுமந்து விற்பது, விற்காததை உப்புப் போட்டுக் கருவாடு ஆக்குவது என்று பெரும்பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. கடலுக்குப் போகாத நாட்களில் அடுப்பு எரிவது இந்தப் பணத்தில்தான். புயல் நாளிலும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்திலும் வீட்டை ஓட்டுவது பெரும்பாலும் அந்தக் கூடைதான். அப்படியிருக்க, ‘மீனவர்’ என்ற சொல்லை எழுதும்போது உங்கள் கண்முன் படகில் நிற்கும் ஆண் மட்டும் வருவது எப்படி?

சுனாமி நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தாலே போதும். ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். அலை எப்படி ஆளைப் பிரித்து எடுத்தது? ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி படகை லேசாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், கரையில்தான் அது சுவராக எழும். பெண்கள் படகு வருமென்று கரையில் காத்திருந்தார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். பல பேருக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் பெண் பிள்ளைக்கு யாரும் நீச்சல் சொல்லித் தந்திருக்கவில்லை. சேலை காலைச் சுற்றியது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள், என்ன வேலையில் இருந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது, யாருக்கு என்ன கற்றுத் தரப்பட்டது. பாலினப் பகுப்பாய்வு என்று நீங்கள் அறிக்கையில் எழுதுவது இந்தக் கேள்விகளைத்தான். நாகை கரையில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஒரு பேரிடரின் சாவுக் கணக்கே விளங்கிவிடுகிறது. அவ்வளவு கூர்மையான ஒரு கருவியை நீங்கள் அறிக்கையின் கடைசியில் இரண்டு பக்க இணைப்பாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு மனம் பொறுக்காதது அதுதான்.

‘அது பழைய கதை, இப்போதெல்லாம் பாலின அத்தியாயம் இல்லாமல் எந்தத் திட்டமும் நகராது’ என்று நீங்கள் சொல்லலாம். நானும் பல அறிக்கைகளைப் பார்த்துவிட்டேன். அத்தியாயம் இருக்கிறது. மாவட்டத்தின் பெண் எழுத்தறிவு விகிதம் இருக்கிறது, ஆண் பெண் விகிதம் இருக்கிறது, ‘பெண்களின் பங்கேற்பு உறுதிசெய்யப்படும்’ என்ற வாக்கியம் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அப்படியே இன்னொரு திட்டத்துக்கும் பொருந்தும். உதவி வழங்கும் நாடுகளின் குழு ஒவ்வொரு திட்டத்துக்கும் பாலின மதிப்பெண் போடச் சொல்கிறது: சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2, முக்கிய நோக்கங்களில் ஒன்று என்றால் 1, இல்லையென்றால் 0. மதிப்பெண் கேட்பது நல்லதே. ஆனால் 1 போடுவதற்குப் போதுமான வாக்கியங்கள் எவை என்று தெரிந்துவைத்துக்கொண்டு எழுதப்படும் அத்தியாயத்தால் ஒரு ரூபாய்கூட இடம் மாறாது. எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த அத்தியாயத்தை எழுதிய பிறகு திட்டத்தின் செலவு மதிப்பீட்டுப் பட்டியலில் ஏதாவது ஒரு வரி மாறியதா? மாறவில்லை என்றால் பகுப்பாய்வு நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எந்த வரி மாற வேண்டும் என்று கேட்டால், துறைமுகத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு மீன்பிடித் துறைமுகமோ இறங்குதளமோ கட்ட முடிவாகிறது. அலையைத் தடுக்கும் அணைகரை, ஆழப்படுத்துதல், ஏலக்கூடம், ஐஸ் ஆலை, குளிரறை, லாரி வந்து திரும்ப இடம். எல்லாம் தேவைதான். இதுவரை நாலைந்து கிராமத்து மணலில் சிறுசிறு குவியலாக இறங்கிய மீன், இனி ஒரே இடத்தில் பெரும் பெரும் லாட்டாக இறங்கும். ஏலம் பெட்டிக் கணக்கில் நடக்கும். ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ மீன் எடுத்து விற்கும் அக்காவால் அந்த ஏலத்தில் வாய் திறக்க முடியாது. லாரி வைத்திருக்கும் வியாபாரி எடுப்பார், அவரிடமிருந்து கூடுதல் விலைக்கு இவர் வாங்க வேண்டும். முன்பு வீட்டிலிருந்து நடந்து போன கரைக்கு இப்போது ஆட்டோ பிடிக்க வேண்டும். விடிகாலை இரண்டு மூன்று மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டும், அங்கே அவருக்குக் கழிப்பறை கிடையாது. போக இடமில்லையே என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஏலத்துக்குக் கையில் காசு வேண்டும், அதற்குத் தண்டல்காரரிடம் போக வேண்டும். காலையில் வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்ததைச் சாயந்திரம் முழுசாகத் திருப்ப வேண்டும்.

துறைமுகம் கட்டி முடிந்ததும் மீன் வரத்து கூடியது, ஏற்றுமதி கூடியது, மீனவர் வருமானம் உயர்ந்தது என்று அறிக்கை வரும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். கூடை தூக்கிய பெண் தொழிலை விட்டது மட்டும் அதில் வராது. தொடக்கத்தில் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை, அதனால் காணாமல் போனதும் தெரியாது.

ஏலக்கூடத்தில் சில்லறை வியாபாரிகளுக்கென்று சிறு லாட்டு ஏலத்துக்கு ஒரு பகுதி, சிறு அளவில் ஐஸ், கூடை வைக்க உயர்ந்த திண்ணை, பூட்டும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை, விடிகாலையில் சந்தைக்குப் போக ஒரு வண்டி, தினசரி முதலுக்கு நியாயமான கடன். இவற்றுக்கு ஆகும் செலவு அணைகரைக் கல்லுக்கு ஆகும் செலவில் எத்தனை பங்கு இருக்கும்? வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டிருந்தால் இவை அதில் இருந்திருக்கும். கட்டிய பிறகு கேட்டால் ‘அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்’ என்பதுதான் பதில்.

வண்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1980களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் பக்கத்து மீன்காரப் பெண்கள் தங்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறார்கள் என்று போராடி, தங்களுக்கென்று தனி பஸ் விடவைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2021 டிசம்பரில், நம் குளச்சலில் வயதான மீன்காரம்மா ஒருவரை மீன் நாற்றம் என்று சொல்லி அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்களுக்கு இலவசப் பஸ் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டிக்கெட் இலவசம், ஆனால் கூடையோடு ஏற முடியாது. முதலமைச்சரே கண்டித்து, ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ‘பெண்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிட்டால், எந்தப் பெண், கையில் எதை வைத்திருக்கிறாள் என்பது விடுபட்டுப்போகும்.

இந்தப் பிழை நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சிறு நாடு. அங்கே ஆற்றோரச் சதுப்பில் நெல் பயிரிடுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலை. 1980களில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவோடு ஜஹாலி, பச்சார் என்ற சதுப்புகளில் பெரிய பாசனத் திட்டம் வந்தது. திருத்திய வயல்களை முதலில் ஆண்களின் பெயரில், குடும்பத் தலைவர் என்று பதிந்தார்கள். பெண்கள் எதிர்த்ததும் பதிவைப் பெண்கள் பெயருக்கு மாற்றினார்கள். மாற்றியும் விஷயம் தீரவில்லை. அந்த ஊரில் இரண்டு வகை நிலம் உண்டு. ஒன்று, குடும்பம் முழுவதும் பாடுபட்டு விளைச்சலைத் தலைவர் கையாளும் பொது வயல். மற்றது, பெண் தானே பயிரிட்டுத் தானே விற்றுக்கொள்ளும் சொந்த வயல். திட்ட வயல்கள் எல்லாம் பொது வயலாகக் கருதப்பட்டன. பெயர் பெண்ணுடையது, உழைப்பும் பெண்ணுடையது, ஒரு போகத்துக்குப் பதிலாக இரண்டு போகம். விளைச்சல் மட்டும் வேறு கைக்குப் போனது. ஆவணத்தில் பெயர் இருப்பதும் கையில் அதிகாரம் இருப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது. எஸ்தர் போசரப் என்ற டென்மார்க் பொருளியலாளர் 1970லேயே எழுதியதும் இதுதான்: பெண்கள் பாடுபடும் நிலத்துக்கு வளர்ச்சி வரும்போது கருவியும் பயிற்சியும் ஆண்களிடம் போய்ச் சேருகின்றன.

இலங்கையின் கிழக்கில் நடந்தது இன்னும் வலிக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் (வீட்டைச் சுற்றிய நிலமும்) அவள் பெயரில். சுனாமியில் அந்த வீடுகள் போயின. உதவிப் பணத்தில் புது வீடு கட்டித் தரும்போது ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டு, பல இடங்களில் ஆண்களின் பெயரில் பத்திரம் எழுதினார்கள். பெண்களுக்குச் சொத்துரிமை இருந்த ஓரிடத்தில், பெண் முன்னேற்றத்தைப் பேசும் நிறுவனங்களின் கையாலேயே அது பறிபோனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் நாகையில் நிரப்பிய அதே முதல் கேள்விதான் அங்கேயும் வேலை செய்தது.

தமிழ்நாட்டு அரசு ஒரு நல்ல முடிவு எடுத்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். மனைவியின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாமல் காப்பாற்றப்பட்ட வீடுகள் உண்டு. ஆனால் கணவன் கைவிட்டுப் போனவர், கல்யாணமாகாமல் தம்பி வீட்டில் இருந்தவர், மகன் வீட்டுத் திண்ணையில் படுத்த விதவைத் தாய், இவர்களை ஒரு குடும்பமாக எண்ண மீனவர்கள் தாங்களே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்தின் (தேர்தலில் வரும் ஊராட்சி அல்ல) வரிப் பட்டியலில் இடம் இல்லை. அந்தப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் அனைவரும் ஆண்கள். நிவாரணம் பல ஊர்களில் அந்தப் பட்டியல் வழியாகத்தான் வந்தது. திருநங்கைகளிடம் அன்று ரேஷன் அட்டையே கிடையாது. படகில் கூலிக்குப் போனவருக்கும் படகுச் சொந்தக்காரருக்கும் உள்ள வித்தியாசம் ஆண்களுக்குள்ளேயே இருந்தது. உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை பார்த்த தலித் பெண்கள் மீனவக் குப்பத்தில் இல்லாததால் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியலிலேயே ஏறவில்லை. பாலினத்தைச் சாதியிலிருந்தும் கூலியிலிருந்தும் தனியே உருவி எடுத்துப் பார்த்தால் இவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

சுயஉதவிக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களுக்கு என்ன செய்தோம் என்ற கேள்விக்கு எல்லா அறிக்கையும் குழுக் கணக்கைக் காட்டுகிறது. ஊறுகாய், மெழுகுவர்த்தி, தையல். இருபது வருஷம் மீனை ஏலம் எடுத்து, எந்தச் சந்தையில் எந்த மீன் என்ன விலை போகும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் பெண்ணை உட்காரவைத்து மெழுகுவர்த்தி ஊற்றக் கற்றுக் கொடுப்பது எனக்கு அவமதிப்பாகவே படுகிறது. அவருக்குத் தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலுக்குத்தான் உதவி வேண்டும். அப்புறம், குழுக் கூட்டம், வங்கி நடை, பயிற்சி, கணக்கு நோட்டு எல்லாம் அவருடைய நாளில் எங்கிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்றும் பாருங்கள். விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பகல் வரை விற்று, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவரைப் பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு அழைத்து, ‘பங்கேற்றார்’ என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அடுத்த திட்டத்துக்குப் படிவம் அச்சிடுவதற்கு முன், ‘குடும்பத் தலைவர்’ என்ற முதல் கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதுங்கள்: காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார், எந்தக் கருவியை வைத்துச் செய்கிறார், அந்தக் கருவி யாருடையது, வந்த காசு யார் கைக்குப் போகிறது. பெண்ணிடம் கேட்கப் பெண்ணை அனுப்புங்கள், கணவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அனுப்புங்கள். கூட்டம் போட்டால் அவர்களுக்குத் தோதான நேரத்தில், தோதான இடத்தில் போடுங்கள். பஞ்சாயத்தாரைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘சமூகத்தின் கருத்து’ என்று எழுதாதீர்கள். நடுவில் ஒருமுறை, திட்டம் பாதி ஓடும்போது, முதலில் எழுதிய அதே பெண்களிடம் திரும்பப் போங்கள். எத்தனை பேர் இன்னும் கூடை தூக்குகிறார்கள் என்று எண்ணுங்கள்.

களத்தில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. படிவம் மாற்ற முடியாது என்று உங்களிடமும் சொல்வார்கள். நான் அன்று அதைக் கேட்டுக்கொண்டு மீதி வீடுகளிலும் ‘இல்லத்தரசி’ என்றே எழுதினேன். இன்றுவரை அதற்காக வருத்தப்படுகிறேன். நீங்கள் ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள். ‘மீன் வியாபாரி, 20 வருடம், ஒரு கூடை, ஒரு தராசு, ஒரு ஐஸ் பெட்டி போனது’ என்று எழுதுங்கள். கட்டம் இல்லாத இடத்தில் எழுதிய ஐந்நூறு படிவங்கள் ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் யாராவது ஒருவர் படித்தாக வேண்டும்.

அறிக்கை எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாலின அத்தியாயத்தின் வரைவு முடிந்ததும், கையெழுத்தாவதற்கு முன், அதை எளிய தமிழில் எடுத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். அக்கரைப்பேட்டை, தரங்கம்பாடி, பழையாறு, தேவனாம்பட்டினம், எந்தக் கரையானாலும் சரி. படகு வருவதற்குக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எது விட்டுப்போனது என்று அவர்கள் சொல்வார்கள். அதைச் சேர்த்த பிறகு மேலே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாகைக் கரையில் கணக்கெடுத்த ஒரு முன்னாள் களப்பணியாளர்